அணுக்கருவைத் துரத்தாத பேராசிரியர்

எஸ்டிபிஎம் தேர்வு முடிந்து, பல்கலைக்கழக விண்ணப்பங்களை நிரப்பும் காலம் வந்துவிட்டால் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இயற்பியல் துறையில் சேர்ந்தால் பிறகு எந்தப் பிரிவில் ஆய்வு செய்வது நல்லது? எதற்கு இப்போது மவுசு அதிகம்?

எந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை எடுத்துக்கொண்டாலும் ஆய்வுப் பிரிவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். துகள் இயற்பியல், திண்மநிலை இயற்பியல், வானியற்பியல், உயிர் இயற்பியல், ஒளியியல் என்று அது நீளும். மாணவர்கள் அதை உணவுக்கடை விலைப்பட்டியலைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த முடிவு இருக்கிறது. எதற்குப் பணம் ஒதுக்குவது, எதை விட்டுவிடுவது, யாருக்கு அறை கொடுப்பது என்று யாரோ ஒருவர் வம்பை விலைக்கு வாங்கியிருப்பார்.

அப்படி முடிவெடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் லாரன்ஸ் பிராக். படிவம் ஆறில் எக்ஸ் கதிர் பாடம் படித்தவர்களுக்குப் பிராக் விதி தெரிந்திருக்கும். அதைக் கண்டபோது அவருக்கு வயது 22 என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நாற்பத்தெட்டு வயதில் அவர் ஏற்ற பொறுப்பைப் பற்றியும் சொல்வதில்லை. நான் இன்று அதிகம் பேச விரும்புவது அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான். ஆனாலும் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும்.

முழங்கையும் கணவாயும்

லாரன்ஸ் பிராக் 1890 மார்ச் 31ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹென்றி பிராக், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பேராசிரியர். தாய்வழித் தாத்தா சார்லஸ் டாட், ஆஸ்திரேலியக் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பி போட்டவர். 1872இல் அது முடிந்தபோது, டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கு வந்து, சிங்கப்பூர், பினாங்கு, சென்னை வழியாக லண்டன் வரை செய்தி போனது. நம் கடலுக்கடியிலும் ஓடிய கம்பி அது.

லாரன்ஸுக்கு ஐந்து வயதிருக்கும்போது மூன்று சக்கர வண்டியிலிருந்து விழுந்து இடது முழங்கை நொறுங்கிப்போனது. ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த செய்தி அப்போதுதான் உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தந்தை அதைப் படித்துவிட்டுத் தாமே கருவி அமைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மகனின் முழங்கையை அதன் முன்னே வைத்துப் படம் எடுத்தார். ஆஸ்திரேலியாவில் மருத்துவத்துக்காக எடுக்கப்பட்ட முதல் எக்ஸ் கதிர்ப் படங்களில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் எக்ஸ் கதிரால் உலகப் புகழ்பெறப் போகிறவர், அந்தக் கதிரை முதலில் சந்தித்தது பயந்து நடுங்கிய குழந்தையாக.

பள்ளியில் படிப்பில் கெட்டிக்காரர், விளையாட்டில் சேராதவர், கூச்ச சுபாவம். தனியாகக் கடற்கரையில் சிப்பி பொறுக்குவதுதான் பொழுதுபோக்கு. அப்படிப் பொறுக்கியபோது, நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்குகிறோமே, அந்தக் கணவாய் இனத்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு வகையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பதினைந்து வயதை ஒட்டி அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1908இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டு தந்தைக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவே, குடும்பமே கப்பல் ஏறியது. லாரன்ஸ் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். கணிதத்தில் தொடங்கி இயற்பியலுக்கு மாறி, 1911இல் மீண்டும் முதல் வகுப்பு. பிறகு அங்குள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில், எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனிடம் ஆய்வு மாணவர்.

கேவண்டிஷ் ஆய்வகம் என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைதான். பெயர் பெரிது. வசதி அவ்வளவு இல்லை. மாணவர்கள் அதிகம், கருவிகள் குறைவு. லாரன்ஸுக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆய்வுத் தலைப்பும் அவ்வளவாகச் சுவைக்கவில்லை.

ஆற்றங்கரை யோசனை

1912இல் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாக்ஸ் ஃபான் லாவே என்பவரின் யோசனைப்படி எக்ஸ் கதிரை ஒரு படிகத்தின் வழியே செலுத்திப் பார்த்தார்கள். பின்னால் வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் ஒழுங்கான கோலம்போல விழுந்தன. எக்ஸ் கதிர் அலைதான் என்பதற்கு இது சான்று என்றார் லாவே. லாரன்ஸின் தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ் கதிர் துகள்களின் ஓட்டம் என்பது அவர் கட்சி. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் தந்தையும் மகனும் இதையே பேசினார்கள்.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய மகன், கல்லூரிகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது விடை பிடிபட்டது. லாவேயின் விளக்கம் சுற்றி வளைத்தது; கதிரில் குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டும் கோலத்தில் இருக்க வேண்டிய சில புள்ளிகள் ஏன் இல்லை என்று அதனால் சொல்ல முடியவில்லை. லாரன்ஸ் அதை எளிமையாக்கினார். படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கையும் ஒரு மங்கலான கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையைவிடக் கீழடுக்கில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் கூடுதல் தூரம் போய் வருகிறது. அந்தக் கூடுதல் தூரம் அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் இரண்டும் முகட்டோடு முகடு சேர்ந்து வலுப்பெறும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். அடுக்குகளின் இடைவெளியை இருமடங்காக்கி, கதிர் அடுக்கோடு ஆக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அந்தக் கூடுதல் தூரம் கிடைக்கும். பிராக் விதி இவ்வளவுதான்.

இதன் அருமை எங்கே இருக்கிறது தெரியுமா? அலைநீளம் தெரிந்தால் கோணத்தை அளந்து அணு அடுக்குகளின் இடைவெளியைக் கண்டுவிடலாம். கண்ணால் ஒருபோதும் பார்க்க முடியாத அணுக்களுக்கு நடுவே அளவுகோல் வைக்கிற வேலை அது. 1912 நவம்பர் 11ஆம் நாள் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் இந்த ஆய்வு வாசிக்கப்பட்டது.

மைக்கா தகட்டில் கதிரைப் பட்டுத் திரும்பச் செய்து பார்க்கும்படி அங்கிருந்த சி.டி.ஆர். வில்சன் சொன்னார். செய்தார், திரும்பியது. உற்சாகத்தில் மின்சுருளை அளவுக்கு மீறி ஓட்டி, அதன் பிளாட்டினத் தொடுமுனையைக் கருக்கிவிட்டார். பத்து ஷில்லிங் விலையுள்ள பொருள். பொறுப்பாளருக்குக் கோபம், ஒரு மாதத்துக்கு மாற்றுப் பாகம் கிடையாது என்று சொல்லிவிட்டார். நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அந்த ஒரு மாதம் காத்துக்கிடந்தது. ஆய்வகத்தில் கருவி கேட்டுக் கெஞ்சும் மாணவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அடுத்த ஆண்டில் உப்பின் அமைப்பு வெளிவந்தது. சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்போல மாறி மாறி அமர்ந்திருந்தன. ஒரு சோடியத்துக்கு இன்ன குளோரின்தான் துணை என்று சொல்ல வழியில்லை. ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த தனி மூலக்கூறு என்று ஒன்று உப்புக்குள் கிடையாது என்பதைக் கேட்டு வேதியியலார் சிலர் பல ஆண்டுகள் கழித்தும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தந்தை லீட்ஸில் துல்லியமான அளவைக் கருவி ஒன்றைச் செய்தார். மகன் அதைக் கொண்டு படிகங்களைப் படித்தார். இருவரும் சேர்ந்து வைரத்தின் அமைப்பையும் கண்டார்கள்.

இங்கே ஒரு நெருடல். தந்தை புகழ்பெற்ற பேராசிரியர், மகன் மாணவர். மாநாடுகளில் பேசியது தந்தை. கேட்டவர்கள் எல்லாமே தந்தையின் வேலை என்று எண்ணிக்கொண்டார்கள். தந்தை அப்படிச் சொல்லவில்லை. மகனின் பங்கை எழுத்திலும் குறிப்பிட்டார். ஆனாலும் மகனின் மனத்தில் அந்த முள் வெகுகாலம் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். இதைப் பற்றி மட்டும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. 1913இல் பிரசல்ஸில் நடந்த சால்வே மாநாட்டிலிருந்து ஐன்ஸ்டீன், மேரி கியூரி உள்ளிட்டோர் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை ஒன்று இளையவருக்கு வந்து சேர்ந்தது. அது அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

போர்முனையில் நோபல்

முதல் உலகப் போர் வந்தது. எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்பதை அதன் ஓசையை வைத்தே கண்டுபிடிக்கும் வேலைக்காக லாரன்ஸை 1915இல் பிரான்சுக்கு அனுப்பினார்கள். தத்துவம் எளிது. தெரிந்த இடங்களில் பல ஒலிவாங்கிகளை வைத்து, ஓசை ஒவ்வொன்றையும் எந்த நேர இடைவெளியில் அடைகிறது என்று அளந்தால் பீரங்கி இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். சிக்கல் என்னவென்றால், சாதாரண ஒலிவாங்கிகள் பறந்து வரும் குண்டின் கீச்சொலியைப் பிடித்தன. பீரங்கியின் ஆழ்ந்த முழக்கத்தைக் கோட்டைவிட்டன. சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை ஒரு துளையின் முன் வைத்தால் அந்த முழக்கத்தின் காற்றசைவு பட்டுக் கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும் என்று டக்கர் என்ற உடன்பணியாளர் கண்டுபிடித்த பிறகு வேலை ஓடியது. முழக்கத்தில் காதுக்குக் கேட்காத அழுத்தம் இருப்பதை லாரன்ஸ் உணர்ந்தது கழிப்பறையில். பக்கத்தில் பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் இருக்கை அவரை இலேசாகத் தூக்கிப்போட்டதாம்! இயற்பியலாளர்கள் எங்கே உட்கார்ந்தாலும் சும்மா இருப்பதில்லை.

அதே 1915 செப்டம்பரில் அவருடைய தம்பி ராபர்ட் கல்லிப்போலி போரில் இறந்தார். நவம்பரில், தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்து இயற்பியல் நோபல் பரிசு என்ற செய்தி வந்தது. லாரன்ஸுக்கு வயது 25. அறிவியல் துறைகளில் நோபல் பெற்றவர்களிலேயே மிக இளையவர் இன்றுவரை அவர்தான். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரான கிராமப் பாதிரியார், நிலவறையிலிருந்து ஒரு மது புட்டியைக் கொண்டுவந்து கொண்டாடினார். வேறு விழா ஏதும் நடக்கவில்லை.

போர் முடிந்து 1919இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டு விட்டுச்சென்ற பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. தொடக்கம் கடினமாக இருந்தது. போர்முனையிலிருந்து நேராக வகுப்புக்கு வந்த முரட்டு மாணவர்களை அடக்கத் தெரியவில்லை. பெயரில்லாக் கடிதங்கள் வேறு வந்து மனத்தை உடைத்தன. 1930ஐ ஒட்டி மன அழுத்தத்தால் நொடிந்து, பிறகு மீண்டார். 1921இல் மணந்த ஆலிஸ் ஹாப்கின்சன் அவருக்கு நேர்மாறு, கலகலப்பானவர். பின்னாளில் கேம்பிரிட்ஜ் நகர மேயராகவும் ஆனார். மான்செஸ்டரில் லாரன்ஸ் பாறைகளில் உள்ள சிலிகேட் கனிமங்களின் அமைப்பை ஆராய்ந்தார். மைக்கா ஏன் தாள் தாளாக உரிகிறது, கல்நார் ஏன் நார் நாராகப் பிரிகிறது என்பதற்கு அணுக்களின் அடுக்கிலேயே காரணம் கிடைத்தது.

ரூதர்ஃபோர்டின் நாற்காலி

இனிதான் நான் சொல்ல வந்த கதை.

1937 அக்டோபரில் ரூதர்ஃபோர்டு திடீரென்று இறந்தார். அவர் தலைமையில் கேவண்டிஷ் ஆய்வகம் அணுக்கரு இயற்பியலின் தலைநகராக இருந்தது. 1932 என்ற ஒரே ஆண்டில் சாட்விக் அங்கே நியூட்ரானைக் கண்டுபிடித்தார். காக்கிராஃப்டும் வால்டனும் முடுக்கியைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்தார்கள். அந்த நாற்காலிக்கு அணுக்கரு ஆராய்ச்சியாளர் ஒருவர் வருவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். 1938இல் வந்தவர் படிகங்களை ஆராயும் பிராக். உப்பையும் பாறையையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ரூதர்ஃபோர்டின் பழைய படையில் முக்கியமானவர்கள் பலர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். சாட்விக் லிவர்பூலிலும், ஆலிஃபண்ட் பர்மிங்காமிலும், கபிட்சா மாஸ்கோவிலும் இருந்தார்கள்.

போர் முடிந்தபின் நெருக்கடி முற்றியது. அணுகுண்டு வெடித்துவிட்டது. அணுக்கரு இயற்பியல் என்றால் அரசுகள் பணத்தைக் கொட்டும் காலம். ஆனால் அந்தத் துறைக்கு இப்போது வேண்டியது பிரமாண்டமான முடுக்கிகள். கட்டடம் கட்டடமாகப் பொறியாளர்கள். அமெரிக்கா அதில் வெகுதூரம் போய்விட்டது. முன்னோர் புகழைக் காப்பாற்ற வேண்டுமென்று கேவண்டிஷ் எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தால், பெரிய பந்தயத்தில் இரண்டாவதாகவோ ஐந்தாவதாகவோ ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பிராக் அணுக்கரு ஆய்வை மூடிவிடவில்லை. 1947இல் ஆட்டோ ஃபிரிஷை அழைத்து அதற்குப் பேராசிரியராக்கினார். ஆனால் அதைத் துறையின் தலைப்பிள்ளையாக வைத்திருக்கவில்லை. பல பிள்ளைகளில் ஒன்றாக்கினார். துறையைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ பத்துப் பேர். அதற்கென்று ஒரு தலைவர், பட்டறை, அலுவலக உதவி. ஆய்வாளர் கூட்டத்தில் தொலைந்துபோகக் கூடாது, தலைவரும் காகிதக் கட்டில் மூழ்கக் கூடாது என்பது அவர் எண்ணம். உலோகங்களின் இயற்பியல், தாழ்வெப்ப இயற்பியல், படிகவியல், ரேடியோ ஆய்வு எல்லாம் தனித்தனி வீடுகளாயின. அவரும் சும்மா இருக்கவில்லை. சோப்புக் குமிழிகளை நீர்ப்பரப்பில் நெருக்கமாக மிதக்கவிட்டு, உலோகத்தில் அணுக்கள் அடுக்கப்படுவதையும் அடுக்கில் பிசகு வருவதையும் கண்ணால் காணச் செய்தார். 1947இல் நை என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட அந்தக் குமிழி மாதிரியை இன்றும் வகுப்பறையில் செய்து காட்டலாம். நான் செய்து காட்டியிருக்கிறேன். கடைசி வரிசை மாணவரும் எழுந்து முன்னால் வந்துவிடுவார்.

அவர் ஆதரித்த இரண்டு குழுக்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டுமே அந்தக் காலத்தில் இயற்பியலா என்று கேட்கப்பட்டவை.

முதலாவது ரேடியோ குழு. போரில் ரேடார் வேலை பார்த்த மார்ட்டின் ரைல் 1945இல் கேவண்டிஷுக்கு வந்தார். கையில் இருந்தவை போரில் மிஞ்சிய ராணுவச் சாமான்களும், ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய தட்டு ஏரியல்களும். அவற்றை வயல்வெளியில் நட்டு, சூரியனிலிருந்தும் விண்மீன்களுக்கிடையிலிருந்தும் வரும் ரேடியோ அலைகளைக் கேட்டார்கள். பிராக்குக்கு இதில் உடனே பிடிப்பு ஏற்பட்டது. தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டு ஏரியல்களில் வந்து சேரும் அலைகள் எங்கே வலுக்கின்றன, எங்கே அழிகின்றன என்று பார்த்து வானத்தின் படத்தைக் கணக்கிடுகிறார்கள். படிகத்தின் அடுக்குகளில் அவர் 22 வயதில் செய்ததும் அதே கணக்குத்தான். ஒன்று அணுவுக்குள் எட்டிப் பார்க்கிறது. மற்றது அண்டத்தின் எல்லையைப் பார்க்கிறது. கணிதம் ஒன்றே.

இரண்டாவது குழுவில் முதலில் இருந்தது ஒரே ஒருவர். மாக்ஸ் பெரூட்ஸ், வியன்னாவிலிருந்து 1936இல் வந்த வேதியியல் மாணவர். ஹீமோகுளோபின் படிகத்தை எக்ஸ் கதிரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் அந்தப் புரதத்தின் ஒரு மூலக்கூறில் ஆயிரக்கணக்கான அணுக்கள். அதுவரை பிராக் விதியால் தீர்க்கப்பட்டவை சில பத்து அணுக்கள் கொண்ட பொருள்கள். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், யூதக் குடும்பத்தில் பிறந்த பெரூட்ஸ் ஒரே நாளில் அகதியானார். வீட்டிலிருந்து வந்த பணமும் நின்றது. புதிய பேராசிரியரிடம் தம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். பிராக்கின் கண் விரிந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளைக்கு எழுதி நிதி பெற்று, 1939 ஜனவரி முதல் பெரூட்ஸைத் தம் உதவியாளராக்கினார். அந்தச் சம்பளத்தைக் காட்டித்தான் பெரூட்ஸால் தம் பெற்றோரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள முடிந்தது. துறைத்தலைவர் ஒருவர் போடும் கையெழுத்து எதையெல்லாம் காப்பாற்றும் பாருங்கள்.

1940இல் எதிரி நாட்டவர் என்று பெரூட்ஸைப் பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். மறு ஆண்டு திரும்பி வந்தார். போருக்குப் பிறகு வேறொரு தொல்லை. வேதியியல் படித்தவர், இயற்பியல் துறையில் அமர்ந்து, உயிரியல் கேள்வியை ஆராய்கிறார். எந்தத் துறையின் கணக்கில் அவருக்குப் பதவி கொடுப்பது? பிராக் பல்கலைக்கழகத்துக்கு வெளியே போய், மருத்துவ ஆய்வு மன்றத்தின் செயலாளரைச் சந்தித்துப் பேசினார். 1947இல் பெரூட்ஸ், ஜான் கெண்ட்ரூ என்ற இரண்டே பேருடன் ஓர் ஆய்வுப் பிரிவு பிறந்தது. விடை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத ஆராய்ச்சி. பெரூட்ஸ் ஹீமோகுளோபினைத் தொட்டதிலிருந்து அதன் அமைப்பைக் காண 22 ஆண்டுகள் ஆயின. இன்றைய மானியக் குழுக்கள் அவ்வளவு பொறுமையாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வழியில் சறுக்கல்களும் இருந்தன. 1950இல் பிராக், பெரூட்ஸ், கெண்ட்ரூ மூவரும் புரதச் சங்கிலி எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு சுற்றுக்கு முழு எண்ணிக்கையில்தான் அலகுகள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது தவறாகிப்போனது. அலகுகளை இணைக்கும் பிணைப்பு தட்டையாக இருக்கும் என்ற வேதியியல் செய்தியையும் கவனிக்கவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவில் லைனஸ் பாலிங் சரியான விடையை வெளியிட்டார். ஒரு சுற்றுக்கு 3.6 அலகுகள். பிராக்குக்கு அது பெரிய அடி. பெரூட்ஸுக்கோ ஆத்திரம். அந்த வேகத்திலேயே குதிரைமயிரை எக்ஸ் கதிரில் வைத்து, பாலிங் சொன்னது சரிதான் என்பதற்கு வேண்டிய புள்ளியைத் தாமே கண்டுபிடித்தார். கோபம் வந்து கண்டுபிடித்தேன் என்று அவர் சொல்லக் கேட்ட பிராக், உம்மை முன்பே கோபப்படுத்தியிருக்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம்.

அந்தச் சிறு பிரிவுக்கு ஃபிரான்சிஸ் கிரிக் வந்தார். போரில் கடற்படைக்குக் கண்ணிவெடி செய்த இயற்பியலாளர். முப்பது வயதைத் தாண்டியும் முனைவர் பட்டம் முடிக்காதவர். உரத்த சிரிப்பு, ஓயாத பேச்சு. அமைதியை விரும்பிய பிராக்குக்கு அவரைக் கண்டாலே தலைவலி. 1951இல் இருபத்து மூன்று வயது ஜேம்ஸ் வாட்சனும் வந்து சேர, இருவரும் டிஎன்ஏவுக்கு ஒரு மாதிரி கட்டினார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வந்து பார்த்த ரோசலிண்ட் ஃபிராங்ளின், அதில் உள்ள நீரின் அளவே தவறு என்று உடைத்துச் சொன்னார். டிஎன்ஏ ஆய்வு அந்தக் கல்லூரியின் எல்லைக்குள் வருவது; அதில் நாம் நுழையக் கூடாது என்று பிராக் இருவரையும் தடுத்து நிறுத்தினார். அந்தத் தடையை இன்று சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது நாகரிகமான செயலாகவே படுகிறது. 1953 தொடக்கத்தில் பாலிங்கும் டிஎன்ஏவில் இறங்கி, தவறான மாதிரி ஒன்றை எழுதியிருப்பது தெரிந்ததும் பிராக் தடையை நீக்கினார். சில வாரங்களில் இரட்டைச் சுருள் பிறந்தது. ஏப்ரல் 25ஆம் தேதி நேச்சர் இதழில் வெளிவந்தது. ஃபிராங்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம் அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது என்பதையும் இந்தக் கதையைச் சொல்கிற எவரும் விட்டுவிடக் கூடாது.

அதே ஆண்டில் பெரூட்ஸ் ஹீமோகுளோபினோடு பாதரச அணுக்களை ஒட்டி, படத்தில் பதிவாகாமல் போகும் அலைகளின் கட்டத்தைக் கண்டறிய வழி செய்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது. சேதி கேட்டுப் பிராக் நிலவறை ஆய்வகத்துக்கே இறங்கி வந்து பார்த்தார்.

நம்மவர்கள் அறிய வேண்டிய ஒரு கிளைக்கதையும் இங்கே உண்டு. 1947 முதல் 1949 வரை அதே கேவண்டிஷில் முனைவர் பட்டத்துக்குப் படிகவியல் ஆய்வு செய்தவர் ஜி.என். ராமச்சந்திரன், சர் சி.வி. ராமனின் மாணவர். 1952இல், முப்பது வயதுக்குள், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். அவர் முன்னும் அதே கேள்வி: இந்தத் துறை எதை ஆராய்வது? அவரும் உயிர்ப் பொருள்களின் அமைப்பைத் தேர்ந்தெடுத்தார். நம் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954, 1955இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் வெளியான அவருடைய வரைபடம் இன்று உலகெங்கும் உயிர் வேதியியல் பாடநூல்களில் அவர் பெயராலேயே இருக்கிறது.

பகுதி நேரத் தோட்டக்காரர்

1954இல் பிராக் கேம்பிரிட்ஜை விட்டு லண்டனின் ராயல் கழகத்துக்குத் தலைமையேற்கப் போனார். ஒரு காலத்தில் தந்தை இருந்த அதே இடம். மான்செஸ்டர் மாணவர்களிடம் தடுமாறியவர், இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறையோடு பாடம் நடத்துவதில் மன்னரானார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கேட்டார்கள். இங்கேதான் 1965இல் டேவிட் ஃபிலிப்ஸின் குழு லைசோசைம் என்ற நொதியின் அமைப்பைக் கண்டது. அமைப்பு முழுதாகத் தெரியவந்த முதல் நொதி அது.

கேம்பிரிட்ஜ் வீட்டுத் தோட்டத்தை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. லண்டனில் ஒரு வீட்டில் வாரம் ஒரு பிற்பகல் தோட்ட வேலைக்குப் போனார், தாம் யார் என்று சொல்லாமல். வீட்டுக்காரப் பெண்மணிக்குப் பழைய உடையும் மண் படிந்த கையுமாக ஒரு நல்ல வேலைக்காரர் கிடைத்த மகிழ்ச்சி. ஒருநாள் வந்த விருந்தாளி சன்னல் வழியே பார்த்துவிட்டு, சர் லாரன்ஸ் பிராக் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

1962இல் பெரூட்ஸுக்கும் கெண்ட்ரூவுக்கும் வேதியியல் நோபல். கிரிக், வாட்சன், வில்கின்ஸ் மூவருக்கும் மருத்துவ நோபல். அவர்களுக்காகப் பரிந்துரை எழுதியவர்களில் பிராக்கும் ஒருவர். தம்மைப் பற்றி அவ்வளவு மரியாதையாக எழுதாத வாட்சனின் புத்தகத்துக்கும் 1968இல் முன்னுரை எழுதிக் கொடுத்தார். 1971 ஜூலை 1ஆம் நாள், 81 வயதில் காலமானார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1974இல், வயல்வெளியில் ஏரியல் நட்ட மார்ட்டின் ரைலுக்கும் அவருடைய சகா அந்தோணி ஹியூவிஷுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. வானியல் ஆய்வுக்கென்று அந்தப் பரிசு தரப்பட்டது அதுவே முதல் முறை. அந்த வயலில் 1967இல் பல்சாரின் துடிப்பை முதலில் கண்ட ஆய்வு மாணவி ஜோசலின் பெல்லின் பெயர் பரிசுப் பட்டியலில் இல்லை. அவருடைய கதையை வேறொரு வாரம் எழுதுகிறேன்.